விழித்திருக்கும் சுண்டெலியின் பெருமூளைப் புறணியை ஒரே பார்வையில் படமெடுப்பது எப்படி?

சுண்டெலியின் மூளையில் ஏறத்தாழ 7 கோடி நியூரான்கள் இருக்கின்றன, அவற்றுள் 1.4 கோடி அளவிலானவை பெருமூளைப் புறணியைச் சேர்ந்தவை. மின்முனையைச் செருகிப் பதிவு செய்தால் அவற்றில் சில நூறு நியூரான்களின் துடிப்பைத் தனித்தனியே அறியலாம். ஆனால் எலி ஒரு வெளிச்சத்தைக் கண்டு, அதன் பொருளை உணர்ந்து, நாக்கை நீட்டி நீர்த்துளியை நக்கும் அந்த ஒரு நொடிக்குள் புறணியின் எந்தப் பகுதி முதலில் எழுந்தது, எது அதைத் தொடர்ந்தது, எது அடங்கியது என்னும் வரைபடம் அதிலிருந்து கிடைக்காது. அந்த வரைபடத்தைத் தருவதற்காக வளர்ந்த முறையே அகல்புலக் கால்சியம் படமெடுப்பு. இதற்கு வேண்டிய கருவிகள் எளியவை. லேசர் நுண்ணோக்கியின் விலையில் சிறு பங்கிலேயே ஓர் அமைப்பைக் கட்டிவிடலாம். கிடைத்த படத்துக்குச் சரியான பொருள் கொள்வதுதான் கடினம். ஆகையால் இவ்வழிகாட்டி கருவியை அமைப்பதைவிட, கருவி காட்டுவதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அதிக இடம் ஒதுக்குகிறது.

'மூளை முழுவதும்' என்ற சொல்லின் எல்லையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 2013-ல் மிஷா அஹ்ரென்ஸ், ஃபிலிப் கெல்லர் ஆகியோர், உடல் கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவ விடும் வரிக்குதிரை மீன் குஞ்சின் மூளையை ஒளித்தகட்டு நுண்ணோக்கியால் படமெடுத்து, அதன் ஏறத்தாழ ஒரு லட்சம் நியூரான்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றைத் தனித்தனியே காட்டினர். சுண்டெலியில் அது நடக்காது. அதன் மூளைத் திசு ஒளியைச் சிதறடிப்பதால், மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குக் கிடைப்பது ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள மேற்புறப் புறணி மட்டுமே. ஹிப்போகேம்பஸ், தலாமஸ் போன்ற ஆழப் பகுதிகள் தெரியா. பக்கவாட்டில் வளைந்து இறங்கும் கேட்புப் புறணி ஓரளவே தெரியும். தனி நியூரானைப் பிரித்தறியவும் இயலாது. இவற்றுக்கு ஈடாக, இரண்டு அரைக்கோளங்களின் பார்வை, தொடுவுணர்வு, இயக்கப் பகுதிகள் அனைத்தையும் ஒரே நொடியில், விழித்திருந்து இயங்கும் விலங்கில், பல மாதங்கள் தொடர்ந்து காண முடிகிறது.

கேமராவை அடையும் ஒளிக்கு நீண்ட பயணம் உண்டு. நியூரான் துடிக்கும்போது கால்சியம் உட்புகுகிறது. கால்சியம் உணர்புரதத்தோடு பிணைகிறது. புரதம் பச்சை ஒளியை அதிகமாக உமிழ்கிறது. அந்த ஒளி இரத்தத்தையும் எலும்பையும் பசையையும் கடந்து லென்ஸை அடைகிறது. இப்பயணத்தின் ஒவ்வொரு கட்டமும் தன் தடத்தை ஒளியில் பதிக்கிறது. அத்தடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பதே நம் பணி.

எலியைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான ஆய்வகங்கள் ஜிகேம்ப் (GCaMP) குடும்பத்துக் கால்சிய உணர்புரதங்களையே பயன்படுத்துகின்றன. பச்சை ஒளிர் புரதத்தின் அமினோ அமில வரிசையை வேறோர் இடத்தில் வெட்டி மறுபடி இணைத்து, அதன் ஒரு முனையில் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மாடுலினையும் மறுமுனையில் எம்13 என்னும் சிறு பெப்டைடையும் பொருத்தி, ஜப்பானின் ஜுனிச்சி நாகாயும் உடனாய்வாளர்களும் 2001-ல் முதல் ஜிகேம்பை வெளியிட்டனர். அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் உருவான ஜிகேம்ப்6 வகைகள் 2013-லும், ஜேஜிகேம்ப்8 வகைகள் 2023-லும் வெளிவந்தன. ஜிகேம்ப்6எஸ் மிகுந்த பொலிவுடையது, ஆனால் மெதுவானது. ஒரே ஒரு துடிப்புக்குப் பிறகு அதன் ஒளிர்வு பாதியாகக் குறைய ஏறத்தாழ அரை நொடி ஆகிறது. ஜிகேம்ப்6எஃப் அதைவிடப் பல மடங்கு விரைவாக, ஏறத்தாழ 0.14 நொடியில் பாதியாகிவிடும். அகல்புலப் படமெடுப்பில் எண்ணற்ற நியூரான்களின் ஒளி ஒரே பிக்சலில் கலப்பதால், வேகத்தைவிடப் பொலிவே முதன்மையானது என்பது என் கருத்து. பகுதிகளுக்கு இடையிலான கால வரிசையே உங்கள் ஆய்வின் மையக் கேள்வியானால் மட்டும் விரைவான வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இப்புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் வைரஸை ஊசியால் செலுத்தினால் ஊசி பட்ட இடத்தைச் சுற்றி மட்டுமே புரதம் உருவாகும் என்பதால், புறணி முழுவதும் சீராகப் புரதம் கொண்ட மரபணு மாற்ற எலிகளே இதற்கு உகந்தவை. தை1-ஜிகேம்ப் வரிசைகளும், கேம்கே2 முன்னியக்கியால் டெட் அமைப்பை (டாக்ஸிசைக்ளின் மருந்தால் அணைக்கக்கூடிய மரபணு ஆளியை) தூண்டி ஜிகேம்ப்6எஸ் உண்டாக்கும் வரிசையும் பரவலாகப் பயன்படுகின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 2017-ல் நிக் ஸ்டைன்மெட்ஸும் பல ஆய்வகங்களைச் சேர்ந்த உடனாய்வாளர்களும், சில மரபணு மாற்ற வரிசைகளில், குறிப்பாக எம்எக்ஸ்1-கிரி, கேம்கே2-டிடிஏ, ஏஐ93 ஆகிய மூன்றும் கூடிய எலிகளில், வலிப்பு நோயில் காணப்படுவது போன்ற கணநேரப் பெருந்துடிப்புகள் புறணியில் தோன்றுவதை எடுத்துக்காட்டினர். வெளியே பார்த்தால் எலி நலமாகவே தெரியும்; அது பணியைக் கற்றுக்கொள்ளவும் செய்யும். எனவே புது எலியின் முதல் பதிவிலேயே, புறணியின் பரந்த பகுதியின் சராசரி ஒளிர்வை எடுத்து, அதன் ஒவ்வொரு முகட்டின் உயரத்தையும் அகலத்தையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக இட்டுப் பாருங்கள். இயல்பான எலியில் புள்ளிகள் ஒரே மேகமாகக் கூடியிருக்கும். மிக உயரமாகவும் மிகக் குறுகலாகவும் உள்ள முகடுகள் தனிக் கூட்டமாகப் பிரிந்து நின்றால் அந்த எலியை ஆய்வில் சேர்க்கக்கூடாது. டெட் அமைப்புள்ள வரிசைகளில், பிறப்பு முதல் ஏழு வாரங்கள் வரை உணவில் டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் புரத உற்பத்தியைத் தள்ளிப்போட்டால் இச்சிக்கல் பெரிதும் குறைகிறது.

அனுமதியும் அறுவையும்

இந்தியாவில் இத்தகைய ஆய்வு எதையும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு எழுத்தில் அனுமதி அளித்த பிறகே தொடங்க முடியும். பிற நாடுகளிலும் இதற்கு இணையான சட்டங்கள் உண்டு. விண்ணப்பத்தில் எலிகளின் எண்ணிக்கைக்கும் வலி நிவாரணத்துக்கும் தரும் விளக்கத்தைச் சடங்காக எழுதாதீர்கள். எத்தனை எலிகள் வேண்டும் என்பதை அப்போதே கணக்கிட்டு வைத்தவர், பின்னால் புள்ளியியலில் தடுமாறுவதில்லை. கீழே சொல்லப்படும் அறுவை முறையைப் பயிற்சி பெற்றவர் ஒருவரின் அருகிருந்து பலமுறை பார்த்த பிறகே செய்ய வேண்டும். மருந்துகளின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சுண்டெலியின் மண்டையோடு மிக மெல்லியது. அதைத் திறக்காமலேயே, ஒளி ஊடுருவும்படி செய்து அதன் வழியாகப் படமெடுக்கலாம் என்பது இம்முறையின் பெரும் வசதி. ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில், உடல் வெப்பத்தை 37 டிகிரியில் காக்கும் வெப்பத் தகட்டின் மீது எலியைக் கிடத்தி, கண்களில் களிம்பிட்டு, வலி நிவாரணியை அறுவைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தலைத்தோலை நீக்கிய பின் எலும்பின் மீதுள்ள மெல்லிய சவ்வை முற்றிலும் சுரண்டி எடுங்கள். சவ்வு எஞ்சிய இடத்தில் பசை பற்றாது, சில வாரங்களில் அங்கே வெண்புள்ளி தோன்றும். பிரெக்மா, லாம்டா என்னும் இரு எலும்புப் பொருத்துகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, அவற்றின் இடத்தை இப்போதே அளவுகோலுடன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பசைக்கு அடியில் சென்றபின் அவை தெளிவாகத் தெரியாமல் போகலாம். பிறகு நீர்மையான சயனோஅக்ரிலேட் பசையை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வோர் அடுக்கும் உலர நேரம் கொடுங்கள். எலும்பின் நுண்துளைகளில் பசை இறங்கும்போது, மங்கலாக இருந்த மண்டையோடு தெளிந்து, அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் கண்ணுக்கு முன்னே மெல்ல மெல்லத் துலங்கி வரும். அதைக் காண்பது இப்பணியில் எனக்கு என்றும் அலுக்காத காட்சி. பசைக்கு மேல், புற ஊதா ஒளியில் இறுகும் ஒளியியல் பிசினை ஓர் அடுக்கு இட்டால் பரப்பு வழவழப்பாகி ஒளிச் சிதறல் குறையும்.

தலையை நிலைநிறுத்தும் உலோகப் பட்டையைப் பின்புறம், சிறுமூளைக்கு மேலே பல் சிமெண்டால் பொருத்துங்கள். அந்தச் சிமெண்டில் கரித்தூள் கலந்து கறுப்பாக்குவதை மறவாதீர்கள். வெள்ளைச் சிமெண்ட் அறையின் ஒளியைப் புறணிக்குள் கடத்திவிடும். நீல ஒளி பட்டால் அது தானாகவும் ஒளிரக்கூடும். அறுவைக்குப் பின் குறைந்தது ஒரு வாரம் எலிக்கு ஓய்வு தந்து, நாள்தோறும் எடை பார்த்து, வலி நிவாரணியைத் தொடருங்கள்.

லென்ஸ், கேமரா, இரு நிற ஒளி

சாதாரண நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸ் ஒரு சென்டிமீட்டர் பரப்பைக் காட்டும்போது மிகக் குறைவான ஒளியையே சேகரிக்கும். 1991-ல் ராட்ஸ்லாஃப், கிரின்வால்ட் ஆகிய இருவரும் இதற்கு எளிய தீர்வு கண்டனர். நிழற்படக் கேமராவுக்கான இரண்டு பெருந்துளை லென்ஸ்களை முகத்தோடு முகம் பார்க்க வைத்து, ஒன்றன் குவியத்தில் பொருளையும் மற்றதன் குவியத்தில் கேமராவையும் நிறுத்தினர். ஒளிச் சேகரிப்பு நூறு மடங்கு அளவில் உயர்ந்தது. இன்றும் இதே அமைப்புதான் நடைமுறையில் உள்ளது. கேமரா பக்கத்து லென்ஸின் குவியத் தொலைவை எலி பக்கத்து லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். மேலே 105 மில்லிமீட்டர், கீழே 85 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால் 1.24 மடங்கு. எஸ்சிமாஸ் (sCMOS) என்னும் அறிவியல் வகைக் கேமராவின் 6.5 மைக்ரோமீட்டர் பிக்சல்களை நான்குக்கு நான்கு என்று சேர்த்தால், ஒவ்வொரு சேர்ப்புப் பிக்சலும் புறணியில் ஏறத்தாழ 21 மைக்ரோமீட்டரைக் குறிக்கும். படத்தின் தெளிவும் 21 மைக்ரோமீட்டர் என்று எண்ணிவிடக்கூடாது. எலும்பும் திசுவும் ஒளியைச் சிதறடிப்பதால் உண்மையான தெளிவு அதைவிடப் பல மடங்கு குறைவு.

இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே இருநிற ஆடியை 45 டிகிரி சாய்வில் வைத்து, பக்கத்திலிருந்து வரும் எல்இடி ஒளியைக் கீழே திருப்பி, எலியிடமிருந்து எழும் பச்சை ஒளியை மட்டும் மேலே விட வேண்டும். கேமராவுக்கு முன்னால் 525 நானோமீட்டரை மையமாகக் கொண்ட ஒளி வடிகட்டி வேண்டும். எல்இடிகள் இரண்டு: 470 நானோமீட்டர் நீலமும் 405 நானோமீட்டர் ஊதாவும். நீல ஒளியில் ஜிகேம்ப் கால்சியத்துக்கு ஏற்ப ஒளிரும். ஊதா ஒளியிலும் அது ஒளிரும் என்றாலும் அவ்வொளிர்வு கால்சியத்தைப் பெரும்பாலும் சார்ந்திராது. ஆகவே ஊதா ஃபிரேமில் காணும் ஏற்ற இறக்கம் இரத்தத்தாலும் அசைவாலும் வந்ததாக இருக்கும். இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாக மின்ன விட்டுப் பதிவதுதான் இம்முறையின் உயிர்நாடி.

இந்த மாறிமாறி மின்னலில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். எஸ்சிமாஸ் கேமரா பல அமைப்புகளில் வரிவரியாகவே ஒளியை ஏற்கிறது. மேல் வரி அடுத்த ஃபிரேமுக்குப் போய்விட்ட பின்பும் கீழ் வரி பழைய ஃபிரேமிலேயே இருக்கும். அப்போது எல்இடி எரிந்துகொண்டிருந்தால் நீலமும் ஊதாவும் கலந்துவிடும். எல்லா வரிகளும் ஒருசேர ஒளியை ஏற்கும் இடைவேளையில் மட்டும் எல்இடி எரியும்படி, கேமராவின் வெளியீட்டுக் குறிப்பைக் கொண்டே எல்இடியை இயக்குங்கள். கேமரா, எல்இடி, தூண்டல் திரை ஆகிய மூன்றின் குறிப்புகளையும் ஒரே பதிவுக் கருவியில் பதியுங்கள். ஒரு ஃபிரேம் தவறினாலே அதற்குப் பிறகு நீலம் ஊதாவாகவும் ஊதா நீலமாகவும் எண்ணப்படும். ஒவ்வொரு ஃபிரேமின் சராசரிப் பொலிவைப் பார்த்தால் இதை உடனே கண்டுபிடிக்கலாம். இரண்டு எல்இடிகளின் பொலிவையும் முற்றிலும் சமமாக்காமல் சற்றே வேறுபடுத்தி வைப்பது இதற்காகத்தான்.

ஒளியின் அளவையும் கணக்கிட்டு வையுங்கள். ஒரு பிக்சல் ஏறத்தாழ 30,000 எலெக்ட்ரான்களைக் கொள்ளும் என்றால், அது நிரம்பும் நிலையில் ஒளியின் இயல்பான இரைச்சல் 30,000-இன் வர்க்கமூலம், அதாவது 173. இது 0.58 சதவீதம். பதினாறு பிக்சல்களைச் சேர்த்தால் இரைச்சல் 0.14 சதவீதமாகக் குறையும். சில சதவீத அளவில் மாறும் ஒளிர்வைக் காண இது போதுமானது. ஒளியைக் குறைத்துப் பிக்சலைப் பத்தில் ஒரு பங்கு மட்டுமே நிரப்பினால் இரைச்சல் மூன்று மடங்குக்கு மேல் கூடும். மிகைப்படுத்தினால் புரதம் ஒளியில் மங்கத் தொடங்கும், மிகுபொலிவான இடங்களில் பிக்சல் நிரம்பி வழிந்து அங்கே தகவலே இல்லாமல் போகும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் அளவே நான் பின்பற்றுவது.

வெளிச்சக் கசிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்வைத் தூண்டலுக்கான திரையின் ஒளி லென்ஸுக்குள் புகுந்தால், தூண்டல் வரும் ஒவ்வொரு முறையும் படத்தில் ஓர் அழகான 'மறுமொழி' தோன்றும். நான் தொடங்கிய காலத்தில் அப்படி ஒரு மறுமொழியைக் கண்டு இரண்டு நாள் மகிழ்ந்திருந்து, பிறகு எல்இடிகளை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் ஓட்டியபோதும் அது அப்படியே இருப்பதைக் கண்டேன். எலியின் தலைக்கும் லென்ஸுக்கும் இடையே முப்பரிமாண அச்சில் செய்த கறுப்புக் கூம்பைப் பொருத்தி இடைவெளிகளை அடையுங்கள். ஒவ்வொரு புதுத் தூண்டலுக்கும் எல்இடி அணைந்த நிலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

எலியைப் பழக்குதல்

அஞ்சி நடுங்கும் எலியின் புறணி அச்சத்தைத்தான் காட்டும். ஆகவே பழக்குவதற்கு ஆகும் நாட்களைக் குறைத்தால் விலங்குக்குத் துன்பம், ஆய்வுக்கும் கேடு. முதல் சில நாட்கள் எலியைக் கையில் ஏந்தி, அது தானாக உள்ளங்கையில் ஏறி வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு படமெடுக்கும் அமைப்பின் சக்கரத்தில் தலையைப் பிணைக்காமல் உலவ விடுங்கள். தலையை நிலைநிறுத்தும் முதல் நாளில் ஐந்து நிமிடம் போதும். அடுத்தடுத்த நாட்களில் பத்து, இருபது, நாற்பது என்று உயர்த்தி, ஒவ்வொரு முறையும் இனிப்புக் கரைசல் ஒரு துளி தந்து முடியுங்கள். எலி முன்னங்கால்களால் பட்டையைத் தள்ளிப் போராடினால், இடைவிடாது கழிவு வெளியேற்றினால், கண்களைச் சுருக்கி முதுகைக் கூனிக்கொண்டால், அன்றைய அமர்வை நிறுத்திவிட்டு மறுநாள் குறைந்த நேரத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். முகத்தைத் தடவிச் சுத்தம் செய்வதும், விட்டுவிட்டு ஓடி நிற்பதும், மீசைகளை அசைத்து மோப்பம் பிடிப்பதும் அது இயல்பாக இருப்பதன் அடையாளங்கள்.

படமெடுக்கும்போது எலியின் முகத்தையும் உடலையும் அகச்சிவப்பு ஒளியில் வேறு கேமராக்களால் பதிவது விருப்பத் தேர்வு அன்று; அது கட்டாயம். காரணம் பின்னர் வருகிறது.

கோப்பிலிருந்து படத்துக்கு

640-க்கு 540 பிக்சல் கொண்ட 16 பிட் ஃபிரேம்களை நொடிக்கு 30 வீதம் பதிந்தால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 75 ஜிகாபைட் சேரும். இதை அப்படியே கையாள்வது கடினம். முதலில் எல்இடிகள் அணைந்திருந்த சில நொடிகளின் சராசரியை எல்லா ஃபிரேம்களிலிருந்தும் கழித்து, கேமராவின் அடிமட்ட எண்ணை நீக்குங்கள். இதை விட்டுவிட்டால் பின்னர் கணக்கிடும் சதவீதங்கள் அனைத்தும் பிழையாகும். அடுத்து, எலும்பு இலேசாக நகர்ந்ததால் படம் அசைந்திருந்தால் இரத்தக் குழாய்களின் வடிவை வைத்து ஃபிரேம்களை ஒன்றோடொன்று பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு பிக்சலிலும் ஒளிர்வின் மாற்றத்தை அதன் அடிப்படை ஒளிர்வால் வகுத்து விகிதமாக்குங்கள். அண்டைப் பிக்சல்கள் பெரும்பாலும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால், எஸ்விடி எனப்படும் அணிப் பகுப்பின் மூலம் 200 முதல் 500 கூறுகளாக முழுப் பதிவையும் சுருக்கலாம். இரைச்சலைத் தவிரப் பெரிதாக எதையும் இழப்பதில்லை. இதன் பிறகு மடிக்கணினியிலேயே பகுப்பாய்வு ஓடும்.

இரத்தத்தைக் கழித்தல்

இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவர் இதைப் படிக்க வேண்டும். நியூரான்கள் செயல்பட்ட ஓரிரு நொடிகளில் அவ்விடத்துக்கு இரத்தம் விரைந்து பாய்கிறது. ஹீமோகுளோபின் நீல ஒளியையும் விழுங்கும், பச்சை ஒளியையும் விழுங்கும். ஆகவே உண்மையான கால்சிய ஏற்றத்தைத் தொடர்ந்து ஒரு பொய்யான இறக்கம் தோன்றுகிறது. அதைக் கண்டு, புறணி தன்னை அடக்கிக்கொண்டது என்று எழுதிவிட்டால் அது பெரும் பிழை. மேலும், இரத்த ஓட்டம் எலியின் விழிப்புநிலை, ஓட்டம், மூச்சு ஆகியவற்றோடும் மாறுவதால், ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு பகுதிகளுக்கு இடையே போலியான ஒட்டுறவையும் உண்டாக்குகிறது.

ஊதா ஃபிரேமை நீலத்திலிருந்து நேரே கழித்தால் போதாது. ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சும் உச்சம் 415 நானோமீட்டருக்கு அருகில் இருப்பதால், அதே அளவு இரத்தம் ஊதாவை நீலத்தைவிட மிக அதிகமாக மங்கச் செய்யும். எனவே ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியே தொடர்புப் போக்குக் (regression) கணக்கின் மூலம் ஒரு பெருக்கெண்ணைக் கண்டு, ஊதாவை அதனால் பெருக்கிய பின்பே கழிக்க வேண்டும். பெரிய சிரையின் மீதுள்ள பிக்சலின் பெருக்கெண்ணும் அதற்கு அருகே திசுவின் மீதுள்ள பிக்சலின் பெருக்கெண்ணும் ஒன்றாக இரா. நீலமும் ஊதாவும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல என்பதால், கழிப்பதற்கு முன் ஊதாவை நீலத்தின் நேரங்களுக்கு இடைச்செருகிக் கொள்ளவும் வேண்டும்.

இதயத்துடிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விழித்திருக்கும் சுண்டெலியின் இதயம் நொடிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முறை துடிக்கிறது. நொடிக்கு மொத்தம் 30 ஃபிரேம் எடுத்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் கிடைப்பது 15. அதைக் கொண்டு 7.5 ஹெர்ட்ஸ் வரையிலான அசைவுகளை மட்டுமே சரியாகக் காண முடியும். 11 ஹெர்ட்ஸ் இதயத்துடிப்பு அங்கே 4 ஹெர்ட்ஸ் அலையாக உருமாறித் தோன்றும். அதை மூளையின் தாளம் என்று எண்ணி ஏமாந்துவிடலாம். மொத்த வேகத்தை நொடிக்கு 70 ஃபிரேம் ஆக்கினால் நிறத்துக்கு 35 கிடைக்கும், இதயத்துடிப்பு தன் இடத்திலேயே தெரியும். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. இதயத்துடிப்பின் அலைவெண் அளவுக்கு ஜிகேம்ப்6எஸ் வேகமாக ஏறி இறங்காது. எனவே அந்த அலைவெண் பட்டையில் நீலத்திலும் ஊதாவிலும் காண்பது ஏறத்தாழ முழுவதும் இரத்தமே. பெருக்கெண்ணை அந்தப் பட்டையில் மட்டும் கணக்கிட்டால் கால்சியத்தையே தவறுதலாகக் கழித்துவிடும் ஆபத்து குறைகிறது. கேமராவும் சேமிப்பு வட்டும் அந்த வேகத்தைத் தாங்குமானால் நான் பரிந்துரைப்பது இதையே.

வேறு வழியும் உண்டு. 530, 630 நானோமீட்டர் ஒளிகளைப் புறணியில் தெறிக்க விட்டு, தெறித்து வரும் ஒளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றதும் ஏற்காததுமான ஹீமோகுளோபினின் அளவுகளைக் கணக்கிட்டுத் திருத்துவது அது. இரத்த ஓட்டமே உங்கள் ஆய்வுப் பொருளாகவும் இருந்தால் அதைக் கைக்கொள்ளுங்கள்.

வரைபடத்தோடு பொருத்துதல்

ஒளிர்ந்த இடத்தின் பெயரைச் சொல்ல, அமெரிக்காவின் ஆலன் மூளை ஆய்வு நிறுவனத்தின் பொதுச் சுண்டெலி மூளை வரைபடத்தோடு படத்தைப் பொருத்துவது வழக்கம். பிரெக்மா, நடுக்கோட்டின் பின்முனை, முகர்வுக் குமிழ்கள் முன்புறணியைத் தொடும் இடங்கள் ஆகியவற்றைக் குறித்து, நகர்த்தியும் திருப்பியும் அளவு மாற்றியும் படத்தை வரைபடத்தில் அமர்த்தலாம். ஆனால் எலிக்கு எலி புறணி வேறுபடும் என்பதால் இதை மட்டும் நம்பாதீர்கள். மயக்கமற்ற எலிக்குத் திரையில் கிடையாகவும் நெட்டாகவும் ஒரு பட்டையை மெல்ல நகர்த்திக் காட்டி, ஒவ்வொரு பிக்சலும் பட்டையின் எந்த நிலையில் மறுமொழி தருகிறது என்று குறித்தால் பார்வை வெளியின் வரைபடம் கிடைக்கும். கிடை, நெட்டு வரைபடங்களின் சரிவுத் திசைகளுக்கு இடையிலான கோணத்திலிருந்து, ஒவ்வோர் இடமும் பார்வை வெளியை நேராகக் காட்டுகிறதா கண்ணாடிப் பிம்பமாகக் காட்டுகிறதா என்று தெரியும். அந்தக் குறி மாறும் கோடுகளே பார்வைப் பகுதிகளின் எல்லைகள். மீசையின் மீது மெல்லிய காற்றை ஊதினால் எதிர்ப்பக்க அரைக்கோளத்தின் மீசைப் பகுதி எழ வேண்டும். இவ்விரண்டும் வரைபடம் சொல்லும் இடத்தில் அமையவில்லை என்றால் பொருத்தத்தைத் திருத்துங்கள். வரைபடத்துக்காக எலியின் தரவை வளைக்காதீர்கள்.

பெயர் சொல்லும்போதும் ஒரு கவனம் வேண்டும். ஒரு பிக்சலின் ஒளி பெரும்பாலும் புறணியின் மேல் அடுக்குகளிலிருந்து வருகிறது. அங்கே இருப்பவை அவ்விடத்து நியூரான்களின் உடல்கள் மட்டுமல்ல. ஐந்தாம் அடுக்கிலிருந்து மேலேறி வந்த கிளைகளும், தொலைவிலுள்ள பகுதிகளிலிருந்து வந்து முடியும் இழைகளும் அங்கே உள்ளன. ஆகவே 'இப்பகுதி ஒளிர்ந்தது' என்று உறுதியாக எழுதலாம். 'இப்பகுதியின் நியூரான்கள் துடித்தன' என்று எழுதுமுன் மின்முனைப் பதிவு ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அசைவு

சைமன் முசாலும் ஆன் சர்ச்லேண்டும் உடனாய்வாளர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையைத் திருப்பிப்போட்டது. பணி செய்யும் எலியின் புறணியில் ஒவ்வொரு முயற்சியிலும் காணும் ஏற்ற இறக்கங்களில் பெரும்பங்கு, தூண்டலாலோ முடிவாலோ வந்ததன்று; எலி தன்போக்கில் செய்யும் சிறு அசைவுகளோடு, அதாவது மீசை, மூக்கு, பின்கால், கண்பாவை ஆகியவற்றின் அசைவுகளோடு இணைந்தது என்று அவர்கள் காட்டினர். முகத்தைப் பதிவது கட்டாயம் என்று முன்னே சொன்னது இதனால்தான்.

நடைமுறையில், தூண்டல், பணி, வெகுமதி, நக்குதல், ஓட்டம், கண்பாவையின் அளவு, முகக் காணொளியிலிருந்து பெற்ற அசைவுக் கூறுகள் ஆகிய அனைத்தையும் மாறிகளாக ஒரே நேரியல் மாதிரியில் சேர்த்துப் புறணியின் ஒளிர்வை முன்கணியுங்கள். மாறிகள் ஒன்றையொன்று தழுவி நிற்பதால் ரிட்ஜ் வகைத் தொடர்புப் போக்கைப் பயன்படுத்தி, மாதிரிக்குக் காட்டாமல் ஒதுக்கிவைத்த தரவில் அதன் திறனைச் சோதியுங்கள். பிறகு ஒவ்வொரு மாறியின் நேர வரிசையை மட்டும் குலைத்துவிட்டு மாதிரியை மறுபடி ஓட்டி, முன்கணிப்பு எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். அந்தச் சரிவுதான் அம்மாறிக்கு மட்டுமே உரிய பங்கு. பழகிய எலி வெகுமதிக்கு முன்பே கால்களை அசைத்துக்கொண்டு நிற்கும். அந்த அசைவைக் கணக்கில் கொள்ளாதவருக்கு அது 'எதிர்பார்ப்பின் அலை' என்று தோன்றும். புள்ளியியலில் எண்ணிக்கை எலிகளுடையதாக இருக்க வேண்டும். ஒன்றாக ஏறி இறங்கும் மூன்று லட்சம் பிக்சல்கள் மூன்று லட்சம் சான்றுகள் ஆகா.

கால்சியத்துக்கு ஒளிராத எலி

கால்சியத்தை உணராத பச்சை ஒளிர் புரதம் மட்டுமே கொண்ட எலிகள் இரண்டு மூன்றை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அதே அறுவை, அதே பழக்கம், அதே பணி, அதே கணினி நிரல் என எதிலும் வேறுபாடு கூடாது. அவற்றின் நீல ஃபிரேம்களில் இரத்தமும் அசைவும் மட்டுமே இருக்கும் என்பதால், ஊதாவால் திருத்திய பிறகு வரைபடம் ஏறத்தாழ வெறுமையாக வேண்டும். தூண்டலுக்குப் பின் அங்கே ஏதேனும் எஞ்சினால், அதன் உயரத்தையும் அது தோன்றும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, முதலில் எல்இடிகளின் ஒளி ஒன்றன் ஃபிரேமில் மற்றது கலந்திருக்கிறதா என்றும், அடுத்துத் திரையின் கசிவு உண்டா என்றும், பிறகு பெருக்கெண் கணக்கிட்ட அலைவெண் பட்டையையும் சரிபாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் எச்சம் மறையவில்லையென்றால், ஜிகேம்ப் எலிகளில் அந்த உயரத்துக்குக் கீழே உள்ள எந்த மறுமொழியையும் முடிவாக எழுத வேண்டாம்.